நீலம் மட்டும் எரியவில்லை

மெரிபிட்டில் யார் வீட்டு விளக்கு அணைந்தாலும் நோயல் ஷூர்மன்தான் வரவேண்டும். ஆஸ்திரேலியாவில், விமெராவின் அந்தக் கோதுமைக் காட்டில் வேறு எலக்ட்ரீஷியன் ஏது? பேச்சும் குறைவு, சிரிப்பும் அளந்துதான். வேலை முடிந்தால் ஒரு டீ, ‘சரி, வர்றேன்’, அவ்வளவுதான். ஒரே மகன் டேன் பதினாலு வயதில் வாய்க்கால் கரையில் பைக் கவிழ்ந்து செத்தபோதும் அந்த மனுஷன் கண் கலங்கி நாங்கள் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்றார்கள். சொல்கிற வாய்க்கு என்ன, சொல்லும்.

அதற்கு அடுத்த வருஷம் ரயில் பாதையோரத்துத் தானியக் கோபுரத்தில் படம் வரைய மெல்பர்னிலிருந்து கீரா என்றொரு பெண் வந்தாள். பக்கத்து ஊர்கள் எல்லாம் கோபுரத்தில் படம் வரைந்து டூரிஸ்ட் கூட்டத்தை இழுத்துவிட்டன. நாம் மட்டும் என்ன இளைத்தவர்களா என்று எங்களுக்கு ரோஷம். கால்பந்து கிளப்பில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவை அவள் எடுத்துக்கொண்டாள். மைதானத்து வேலியில் சாய்ந்து ஆட்டம் பார்க்கும் ஐந்து பிள்ளைகள். ஓரத்தில், தொப்பியைத் திருப்பிப் போட்டு, கையில் பாதி கடித்த சாசேஜ் ரொட்டியோடு நிற்பவன் டேன்.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம். எங்கள் ஊர்ப் புத்தி அது. அடுத்தவர் துக்கத்தை வாய்விட்டுப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். ஊமை ஜனங்கள்!

டேனைக் கடைசியாகத்தான் வரைந்தாள். பால் வாங்கப் போன அவன் அம்மா லொரெல், நாலாள் உயரத்துக்கு மகன் நிற்பதைக் கண்டு வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

“என்னால முடியாது நோயல்,” என்றாள் வீட்டுக்கு வந்து. “கடைக்குப் போனாலும் நிக்கிறான், தபாலாபீஸ் போனாலும் நிக்கிறான். அவனை எடுத்துடு.”

கீரா அதற்குள் வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தாள். விஷயம் தெரிந்து போனிலேயே அழுதாள். “நீங்களே மூடிடுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்,” என்றாள். கிளப் கட்டடத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை நோயல் எடுத்தார். படத்தில் இருந்த மாலை வானத்து மஞ்சளோடு ஒத்துப்போகிறவரை கலந்து பார்த்தார். தூக்கு வண்டியில் தனியாக ஏறினார். அவர் இறங்கியபோது வேலியில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் வெறும் வானம். வீட்டுக்குப் போய், “முடிஞ்சது. டீ இருக்கா?” என்றார்.

அந்த டீயை லொரெல் மன்னிக்கவில்லை. எடுக்கச் சொன்னவள் அவள்தான். ஆனாலும் பெற்ற பிள்ளையை அழித்துவிட்டு வந்து டீ கேட்கிற மனுஷனோடு என்ன பேசுவது? ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். உப்பை நகர்த்தச் சொல்லக்கூட அவள் வாய் திறக்கவில்லை.

பிறகு கோபுரத்துக்குக் கலர் விளக்கு போட அரசாங்கப் பணம் வந்தது. நோயல்தான் மாட்டினார். ஒரு சாயங்காலம் தனியாகச் சோதித்துப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் ஜோர். நீலத்தைத் தட்டினார்.

டேன் நின்றான்.

வெயிலில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பெயின்ட்டும் நீல வெளிச்சத்தில் ஒட்டவில்லை. அவர் பூசிய இடம் மட்டும் கறுத்து, பையன் உருவமாக நின்றது. நோயல் வெகுநேரம் பார்த்தார். பிறகு நீலத்தின் இணைப்பைக் கழற்றினார். இதை அவள் பார்த்தால் தாங்கமாட்டாள், மிச்சமிருக்கிற குடும்பமும் போய்விடும் என்ற பயம்.

திறப்பு விழாவில் கிளப் தலைவர் டேரில் பிடித்துக்கொண்டான்.

“டேய் நோயல், நீலம் எங்கடா? நம்ம கிளப் கலரே நீலம்தானே! சிவப்பும் மஞ்சளுமா எரியுது. எதிரி ஊர்க்காரனுக்குக் கொடி புடிக்கிறியா?”

“நீலம் கெட்டுப்போச்சு.”

“பல்பு கெடல மச்சான், உனக்குத்தான் வயசாச்சு!”

ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் அணி ஃபைனலுக்கு வந்து தொலைத்தது. டேரில் நேரே வீட்டுக்கே போய்விட்டான். “நாளைக்கு மேட்சுக்கு முன்னாடி நீலம் எரியணும். உன்னால ஆகலன்னா சொல்லு, ஹார்ஷம் டவுன்லேருந்து ஆளைக் கூட்டிட்டு வர்றேன்.”

இனி மறைக்க வழியில்லை. டேரில் போனதும் நோயல் சமையலறை வாசலில் நின்றார்.

“லொரெல், நான் அவனைச் சரியா அழிக்கல. நீல வெளிச்சத்துல தெரியறான்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். “காட்டு.”

பொழுது சாய்ந்திருந்தது. அவர் இணைப்பைக் கொடுத்துவிட்டு, கோபுரத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார். அவள் அண்ணாந்து நின்றாள்.

“தொப்பியைத் திருப்பித்தான் போட்டிருக்கான்,” என்றாள். “காது மடல்கூட இருக்கு. கையில அந்த ரொட்டி... கோட்டைத் தாண்டி ஒரு சொட்டுக்கூட வெளிய போகலையே நோயல். வானம்தானே பூசணும்? ரோலரை வெச்சு ஒரே இழுப்பா இழுத்திருக்கலாமே. எவ்வளவு நேரம் மேல இருந்தே?”

“காலையிலேருந்து இருட்டற வரைக்கும். சின்ன பிரஷ்தான் எடுத்துட்டுப் போனேன். அவன் மேல ரோலர் வெக்க மனசு வரல, லொரெல். முகத்தைக் கடைசியாத்தான் மூடினேன்.”

அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். இத்தனை நாள் தேக்கியதெல்லாம் சத்தம் போட்டு வந்தது. லொரெல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

“அணைச்சிடறேன்,” என்று எழப்போனார்.

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “எரியட்டும் விடு. நாளைக்கு ஃபைனல். அவன் பாக்க வேண்டாமா?”