அக்கா பேசிய தொலைபேசி

எங்கள் தறிப்பட்டறையின் ஆபீஸ் அறையில், கணினிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. முகப்பில் வரிசையாகச் சின்னச் சிவப்பு விளக்குகள். பின்பக்கம் தொலைபேசி ஒயரைச் சொருகும் துளை. மோடம் என்றார்கள். குமாரபாளையத்தில் நெய்யும் துண்டுகளை எங்களிடம் வாங்கியவர்கள் இனிமேல் ஆர்டரெல்லாம் மெயிலில்தான் என்று சொல்லிவிட்டதால், அப்பா சேலத்திலிருந்து ஆளை வரவழைத்து அதை மாட்டினார். முதல்முறை அது டயல் செய்து கிறீச்சிட்டபோது, "என்ன சாமி இது, பூனை வாலை மிதிச்ச மாதிரி கத்துது!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாமல் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் அக்கா மட்டும்தான்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. ஏற்ற இறக்கமில்லாத, சற்று உரத்த பேச்சு. நாங்கள் சொல்வதை வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். விசைத்தறி ஓடுகிற பட்டறைக்குள் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லோருமே உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் அங்கே அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. துண்டுகளுக்கான கரை வடிவங்களைக் கணினியில் போடுவது அவள் வேலை. அதில் அவளுக்கு அப்படியொரு பிடிப்பு. ஆனால் தொலைபேசி மணி அடித்தால் அது எங்களில் யாருக்காவதுதான் இருக்கும். அவளை யாரும் போனில் கூப்பிட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோது அவர் சைகை மொழியில் என்னவோ கேட்டார். உள்ளூர்ப் பள்ளியில் படித்த அக்காவுக்கு அது தெரியாது. அவர் உதட்டிலிருந்தும் எதையும் படிக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான். கிளம்பும்போது அவருடைய அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு ஊட்டோட இருந்தாப் போதுமுங்க, வேலையெல்லாம் எதுக்குங்க?" என்று சொன்னதை மட்டும் அக்கா தெளிவாகப் படித்துவிட்டாள். அது மாப்பிள்ளையின் எண்ணமும்தானா என்று யாரிடம் கேட்பது? பெரியவர்கள் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை வேலை பார்த்த அச்சகத்திலும் இணைய இணைப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், மெயில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் முகவரியை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் அரட்டைத் திரைக்கு வர ஏற்பாடு செய்தேன். தறிகள் நின்று பட்டறை அமைதியாக இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள் அக்கா. சாப்பிட்டீங்களா, வெயிலா, மழையா என்று கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலை செய்யணும். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. மோடத்தின் விளக்குகள் அணைந்திருந்தன. "அவரு போயிட்டாரு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே லைன்; அங்கே ரிசீவரை எடுத்தால் இங்கே இணைப்பு அறுந்துவிடும். வீட்டுக்கு ஓடினேன். அப்பா நூல் வியாபாரியைக் கூப்பிட ரிசீவரைக் கையில் வைத்திருந்தார்.

"அப்பா, போனை வைங்க! அக்கா பேசிட்டிருக்கறா!"

அப்பா என்னை விழித்துப் பார்த்தார். "ஆரு? அக்காளா? போன்லயா?" நான் சொன்ன அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் அதற்கு முன் சொல்லப்பட்டதே இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் ரிசீவரை மெதுவாக, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தார். பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "போ சாமி, ஒருத்தரையும் இதத் தொட உடமாட்டேன்" என்றார்.

திரும்பி வந்து மறுபடி டயல் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. அந்த ஓசை கேட்காத அக்கா என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அந்தக் கிறீச்சொலி எழுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. திரையில் அவர் காத்திருந்தார்.

"லைன் போச்சு. நான் போகலை" என்று வந்து விழுந்தது. தொடர்ந்து, "அம்மா சொன்னது அம்மாவோட ஆசை. எனக்கு வேலை தெரிஞ்ச ஆள்தான் வேணும். பின்னாடி சொந்தமா அச்சகம் வெக்கிறப்ப, கூட உக்காந்து டிசைன் போட வருவீங்களா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கே கேட்காத அந்தச் சிரிப்பு வீடுவரை கேட்டிருக்க வேண்டும். அப்பா வாசலில் வந்து நின்றார். "என்ன சொன்னாராம்?" என்று அவர் உதடசைத்துக் கேட்க, அக்கா கையால் திரையை மறைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதமுங்கப்பா. மத்ததெல்லாம் எங்களுக்குள்ள" என்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொலைபேசிக்குக் காவலிருக்கப் போனார்.

அக்காவும் மாமாவும் இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாகக் கடை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறார்கள். மாமாவிடம் சைகை மொழியை அக்கா எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். போன மாதம் பரமத்தி வேலூரில் என் வீட்டுக்கு இருவரும் வந்திருந்தார்கள். கடையைத் திறக்க அக்கா மட்டும் முதலில் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நானும் மாமாவும் போனோம். மழை பெய்ததால் பஸ் ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. பக்கத்தில் நின்றவர் தன் மகனிடம், "போனதும் போன் போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். உள்ளேயிருந்த பையன் காதில் கையை வைத்து, என்ன, என்ன என்று விழித்தான். அவனுக்கு அடுத்த ஜன்னலில் அக்காவும், வெளியே குடைக்குள் மாமாவும், இடையில் ஈரக் கண்ணாடியோடு, மறுநாள் முடிக்க வேண்டிய ஒரு பத்திரிகைக்கு எந்த நிறம் என்று கைகளால் சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் நகர்ந்தது. அக்கா விடவில்லை.