ஃபேனை நிறுத்தச் சொல்லும் ஓடாவியார்

இன்று காலை ஹோட்டலுக்குப் போனதும் முதலில் செய்தது, மாடி மண்டபத்தைப் பூட்டியதுதான். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

ஆதம்பாவா ஓடாவியார் மௌத்தாகிட்டார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மரணச் செய்தி மெசேஜில் வந்தது...

எங்கள் கடற்கரை ஹோட்டலில் சாப்பிட்டவர்களுக்கு அந்த மண்டபம் தெரியும். வெள்ளைக்காரன் காலத்து வாடிவீடு. இரண்டடி அகலச் சுவர், சுவருக்குச் சுவர் பாலைமர உத்தரங்கள், அவற்றின் மேல் மண்டபத்தின் பலகைத் தளம்.

வருஷா வருஷம் மாரிக்கு முன்னர் அந்த உத்தரங்களைக் கீழே இருந்து தட்டிப் பார்த்த தச்சர் அவர். அவர் சொல்வதைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பது, மேனேஜர் என்ற முறையில் என் வேலை.

சுத்தியல் பிடியால்தான் தட்டுவார். நல்ல மரம் கணீரென்னும், உள்ளே உக்கினது பொத்தென்னும்.

முதல் வருஷம் ஏணியில் நின்றபடியே சொன்னார், "மிஸ், அந்த ஃபேன நிப்பாட்டுங்க. அப்படியே உங்கட வாயையும் கொஞ்சம்."

கிச்சனே சிரித்தது.

முதலாளி ஹாஜியார் பெருமையாக, "சுனாமிக்கே அசையாத கட்டடம் காக்கா" என்பார்.

"கடல் போயிட்டு ஹாஜியார். உப்பு போகல்லயே" என்று, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைக் காட்டுவார் இவர்.

இந்த வருஷம் வந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை... அவருடைய சேட் பொக்கெட்டில் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

இறங்கி வந்து, "எல்லாம் நல்லம் மிஸ்" என்றார்.

எனக்கு விளங்கியது. ஆனால் அந்த மனிசரிடம் எப்படிக் கேட்பது? "எல்லாம் நல்லம்" என்றே எழுதினேன்.

ஜனாஸா வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அவருக்குக் காது கேக்கிறல்ல மகள். ஹோட்டல் மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லாதன்னு சொன்னவர். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். மையித் வீட்டில் இருந்துகொண்டு பொய்...

இரண்டு வருஷம். அப்படியென்றால் போன வருஷத்துக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

இந்தக் கிழமை மட்டும் மூன்று தடவை, கீழே ஒரே மேசையின் விரிப்பிலிருந்து மரத்தூளைத் துடைத்திருக்கிறேன். கோப்பித்தூள் மாதிரி, ஒரு சிட்டிகை.

நேற்று மாடியில் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். நான் அந்த மேசையடியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழை உங்களுடையது இல்லை காக்கா. விளங்கியும் கேட்காமல் எழுதியது நான். உங்கள் கப்ரில் உப்புக்காற்று படாமல் இருக்கட்டும்.

சனிக்கிழமை மாடியில் ஒரு கல்யாணம். ஹாஜியாருக்கும் இன்னும் சொல்லவில்லை, பெண் வீட்டாருக்கும் சொல்லவில்லை.

சாவி என் கைப்பையில் இருக்கிறது. இன்னொரு ஓடாவியார் ஏணியில் ஏறி, என்னிடம் ஃபேனை நிறுத்தச் சொல்லும்வரை, அதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.