துறைமுகத்துச் சார்ஜரும் ரகு அண்ணையின் குரலும்

மின்சாரக் கார் சார்ஜருக்கான உதவி லைனுக்குப் பற்றரி நிறைந்தவர்கள் ஒருபோதும் போன் எடுப்பதில்லை. பற்றரி இறங்க இறங்க நெஞ்சு பதறிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் ஆட்கள். விழுந்து விழுந்து சிரிக்க ஒரு விசயம் வைத்திருக்கிறேன். ஆனால் இப்ப சொல்லமாட்டன்.

யுத்தம் முடிந்த வருசம் பிறந்தவன் நான். போன கோடை விடுமுறையில் ஸ்காபரோவில் இந்த வேலை கிடைத்தது. தொலைவில், கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு குட்டி ஊர்; அங்கே பொதுச் சார்ஜர் இரண்டே இரண்டு. ஒன்று தேவாலய முற்றத்தில், மற்றது துறைமுகத்தில். அவை மக்கர் பண்ணினால் போன் எங்களுக்கு வரும். எங்கள் சூப்பர்வைசர் ரகு அண்ணை. அவருடைய கட்டைக் குரலையும் செருமலையும் அப்படியே பேசிக் காட்டுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. சிரிப்பு எங்கே என்கிறீர்களா? பொறுங்கோ.

முதலில் சோறு

எங்கள் ஸ்காபரோ மல்வேர்னிலிருந்து அங்கே கடல் பார்க்கப் போன ஒரு குடும்பம். தேவாலயச் சார்ஜரில் காரைக் கொழுவியும் பற்றரி ஏறவில்லையாம். துருவித் துருவிக் கேட்டேன். காருக்குள் ஏசி ஓடுகிறது, காரின் பிளக்கில் ரைஸ் குக்கரும் ஓடுகிறது! "குக்கரைக் கழட்டுங்கோ அங்கிள்" என்றேன். அவர் சொன்னார்: "தம்பி, கார் பசி தாங்கும். இஞ்சை பின் சீற் தாங்காது."

ஞாயிறு பூசை

அதே சார்ஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவருடைய கேபிளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பாதரே போன் எடுத்தார். நான் இங்கிருந்து ரீஸ்ராட் பண்ண, கேபிள் கழன்றது. பாதரின் இழுவைக் குரலில் வாசியுங்கள்: "மகனே, நானும் ஜெபித்துக்கொண்டுதான் நின்றேன். எதனால் கழன்றது என்று சனத்துக்குச் சொல்லிவிடாதே."

பிக்கப் வண்டி

அந்த ஊரில் இருக்கிற யோகா அன்ரி போனில் அழுதழுது பேசினார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் மீன்பிடிப் படகில், நடுக்கடலில். மகள் தனியே கிடக்கிறாள். அன்ரியின் காரில் பற்றரி இல்லை. தேவாலயச் சார்ஜர் திருத்த வேலையில். துறைமுகத்துச் சார்ஜருக்குக் குறுக்கே ஒரு பெற்றோல் பிக்கப். அதன் சொந்தக்காரன் எதிர்க் கடையில் சாப்பிடுகிறான், கேட்டதற்கு எழும்பவில்லையாம்.

வெளியாட்களுக்குப் போன் பண்ண ரகு அண்ணைக்கு மட்டும்தான் அனுமதி. அவர் அன்று வரவில்லை. நான் செருமினேன். அவருடைய கட்டைக் குரலில், அவருடைய இங்கிலிஷில், அந்தக் கடைக்கே போன் அடித்தேன். பிக்கப்பை இழுக்க வண்டி அனுப்பட்டுமா என்று ஒரே ஒரு கேள்விதான்.

பின்னேரம் அன்ரி எடுத்தார். "பேத்தியடா தம்பி! நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டன். அந்தப் பிக்கப்காரன் வாயிலை பாணோடையெல்லே ஓடி வந்தவன்!"

பதிவு

எல்லா அழைப்பும் பதிவாகும் என்பதை நான் மறந்துபோனேன். அடுத்த கிழமை ரகு அண்ணை ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் குரல் வந்ததும் முகம் மாறியது. திரும்பவும் போட்டார்.

"நான் எப்பயடா உப்பிடிக் கதைச்சனான்?"

"நல்லா வெருட்டியிருக்கிறியள் அண்ணை."

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு எல்லாருக்கும் கேட்க வைத்தார். நன்றி சொல்ல எடுத்த யோகா அன்ரியிடம், "அது எங்கடை கடமை அக்கா" என்று அடக்கமாகச் சொன்னார். நான் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன். போனை வைத்தவர் திரையில் அந்தப் பதிவின் திகதியைப் பார்த்தார். கை மெல்லக் கன்னத்துக்குப் போனது.

"டேய், அண்டைக்கு எனக்குக் கடைவாய்ப்பல்லுப் பிடுங்கினது. நான் வாயே திறக்கேல்லை!"

ஊரார் குரலெல்லாம் கைவசம் இருந்தாலும், பிடிபடுகிற நேரம் என் வாயிலிருந்து வருவதென்னவோ சொந்தக் கீச்சுக் குரல்தான்.