ஒரு போத்தல் மிசூரி

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். ஆனால் படித்த இடம் யாழ்ப்பாணம். அங்கே ஆறு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் காணாமல் போகிற ஒன்றைத்தான் ஆறு என்று பரீட்சைத்தாளில் எழுதினோம். ஆற்று வளைவு, வண்டல், வெள்ளச் சமவெளி எல்லாவற்றையும் படத்தில்தான் பார்த்திருந்தேன். அப்படிப்பட்ட என்னைத்தான், ஜேர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் சிற்றூர், அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு சிற்றூரைப் பற்றிப் பேசச் சொன்னது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மகளுக்கு இரண்டு வயது. அவளுக்குப் போட்ட சட்டை தடிப்புக் கூடவோ குறையவோ என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து மாற்றுகிற தாயாக நான் இருந்தேன். வாரத்தில் ஒருநாள் அவளை நூலகத்தில் படக்கதை நேரத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே பொறுப்பாக இருந்த அம்மையார்தான், அந்த அமெரிக்க ஊரோடு எங்கள் ஊர் வைத்திருந்த நட்புறவுச் சங்கத்துக்கும் தலைவி. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், புவியியல் படித்திருக்கிறேன் என்று அறிந்த அன்றே, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெட்டிப் பிரசுரங்களை என் தள்ளுவண்டியின் கீழ்க்கூடையில் ஏற்றிவிட்டார். அந்த ஊரிலிருந்து விருந்தினர்கள் வந்து சேர்ந்த மறுநாள் பழைய பாலத்தில் நின்று நான் பத்து நிமிடம் பேச வேண்டும், முதலில் ஜேர்மனில், பிறகு ஆங்கிலத்தில்.

அதுவரை இந்த நாட்டில் எல்லோரும் என்னிடம் கேட்டது, நீ எங்கேயிருந்து வந்தாய் என்பதுதான். இவர்களுடைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று சொல்லும்படி முதல்தடவையாக என்னைக் கேட்டிருந்தார்கள். என் பட்டத்துக்கு இங்கே கிடைத்த முதல் வேலை அது. இது பிழையாகப் போனால் இரண்டாவது கிடைக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வெங்காயம் வதங்கும்போது வாசித்தேன். மகள் தூங்கும்போது வாசித்தேன். எங்கள் வேசர்க்கரை ஊரிலிருந்து போனவர்கள் உண்டாக்கிய ஊர் அது. தெருக்களை வரைந்தவர்கள் அந்த நிலத்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கேயோ ஒரு மேசையில் இருந்து நேர்நேராகக் கோடு போட்டுவிட்டார்கள். குடியேற வந்தவர்கள் பார்த்தால், சந்தைக்குக் குறித்த இடம் ஒரு மலைச்சரிவு! வாங்கிய காணியில் வீடு கட்ட முடியாமல் அதில் திராட்சை நட்டார்கள். ஆற்றுத்துறையில் நீராவிக் கப்பல்கள் வந்து நின்றன, ஊர் கொழித்தது. பிறகு ஒரு பெருவெள்ளத்தில் மிசூரி தன் பாதையை மாற்றிக்கொண்டது. கப்பல்கள் வந்து நின்ற துறை இன்று சோளத்தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஆறு குடிபெயர்ந்துவிட்டது. இதை வாசித்தபோது அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். வெங்காயம் கருகியது.

விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழுபது வயதிருக்கும், கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தலுடன் வந்தார். அதற்குள் மிசூரி. சேற்றுக்குப் பெயர்போன ஆறு, பழுப்பாகக் கலங்கி இருந்தது. மறுநாள் என் பேச்சு முடிந்ததும் அதைப் பாலத்திலிருந்து வேசரில் ஊற்றுவதாக ஏற்பாடு. "பேசுகிறவரிடமே இருக்கட்டும்" என்று தலைவி அதை என்னிடம் ஒப்படைத்தார். வீட்டில் மகளின் கைக்கு எட்டாத இடமாகத் தேடி, குசினியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் சிவப்பரிசிச் சோறு. அரிசி கழுவின தண்ணீரை வீணாக்காமல் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, அதே தொட்டிக்குப் பக்கத்தில் வைப்போம். ஜன்னலோரம் இருக்கும் கறிவேப்பிலைக்கு அதுதான் சாப்பாடு. வுப்பர்டால் நகரில் இருக்கும் ஓர் அக்கா ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்த கன்று அது. குளிர்காலத்தில் எங்களைவிட அதற்குத்தான் கவனிப்பு அதிகம்.

மாலையில் வேலையால் வந்த கணவர் குசினிக்குள் போய்வந்தார். நான் பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

"இஞ்சேருங்கோ, இதில இருந்த போத்தில் எங்க?"

"எந்தப் போத்தில்?"

"மண்ணிறத் தண்ணி இருந்தது."

"அரிசி கழுவின தண்ணியோ? கறிவேப்பிலைக்கு ஊத்திப்போட்டன். நீர்தானே ஊத்த மறந்தால் சண்டைக்கு வாறனீர்."

"ஐயோ, அது மிசூரியப்பா!"

"மிசூரி எண்டும் அரிசி இருக்கோ?"

"ஆறு! அமெரிக்காவில இருக்கிற ஆறு!"

அவர் வெறும் போத்தலைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அமெரிக்க ஆறு என்னத்துக்கு எங்கட குசினிக்குள்ள?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் காலில் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். "இப்ப என்ன, வேசரில ஒரு போத்தில் அள்ளிக்கொண்டு வாறன். கொஞ்சம் மண்ணும் போடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"வேசரை வேசருக்குள்ள ஊத்தச் சொல்லுறீங்களோ? எனக்குத் தெரியுமே. ஏலாது."

அப்போதுதான் பூச்சட்டிக்குக் கீழே இருந்த தட்டு கண்ணில் பட்டது. அதில் தண்ணீர் வடிந்து நின்றது. பாய்ந்தேன். அவர் சட்டியைக் கட்டிப்பிடித்துச் சரிக்க, நான் கீழே தட்டைப் பிடித்தேன்.

"மெல்ல, மெல்ல! மரம் முறியும்!"

"உமக்கு மரம் வேணுமோ ஆறு வேணுமோ?"

"ரெண்டும் வேணும்!"

சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் மகள் கைதட்டினாள். எங்களுக்குச் சிரிப்பு வந்து, அவருக்குப் பிடி நழுவி, கால் தேநீர்க் கோப்பையளவு மண் என் கையில் கொட்டியது. கடைசியில் போத்தலில் கால்வாசி தேறியது. அவர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "முந்தினதவிட இதுதான் நல்ல மிசூரி. என்ன நிறம் பாரும்!"

அவர் சிரித்து முடித்தார். எனக்குப் பயம் தொடங்கியது. சொல்வதா, விடுவதா? சொன்னால், "இந்த வெளிநாட்டுக்காரர் ஒரு போத்தலைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கமாட்டார்கள்" என்பார்கள். சொல்லாவிட்டால் அந்த ஆசிரியை கடல் கடந்து கொண்டுவந்ததற்கு என்ன மரியாதை? பல் துலக்கும்போது ஒரு முடிவு, துலக்கி முடிந்ததும் இன்னொரு முடிவு.

காலையில் பாலத்தில் ஆசிரியையைக் கண்டதும் வாய் தானாகவே திறந்துவிட்டது.

"மன்னியுங்கள். உங்கள் ஆற்றை என் கணவர் செடிக்கு ஊற்றிவிட்டார். கொஞ்சத்தைச் சட்டியிலிருந்து வடித்து எடுத்தோம்."

அவர் போத்தலைப் பார்த்தார். "செடி உயிரோடு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் எங்கள் ஊரில் போய்ச் சொல்கிறேன், ஒருவருமே நம்பமாட்டார்கள்!" பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "இதையும் பேச்சில் சொல்லு, பெண்ணே" என்றார்.

மைக்குக்கு முன்னால் போய்த் தாளை விரித்தேன். மேசையில் கோடு போட்டவர்களைச் சொன்னேன், மலைச்சரிவுச் சந்தையைச் சொன்னேன், சோளத்தோட்டத்துக்குள் நிற்கும் துறையைச் சொன்னேன். பிறகு தாளை மடித்துவிட்டு, வழி மாறிப் பழகிய அந்த ஆறு நேற்று மாலை எங்கள் கறிவேப்பிலைச் சட்டி வழியாகவும் ஒருதரம் போய்வந்தது என்று, அரிசித் தண்ணீரில் தொடங்கி முழுவதையும் ஜேர்மனில் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவியின் முகம் அசையவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அதையே ஆங்கிலத்திலும் சொல்லித் தொலைக்க வேண்டுமே. சொன்னேன். அமெரிக்கர்கள் வெடித்துச் சிரித்தார்கள். சிரிக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்ததுபோல ஜேர்மன்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. ஆசிரியை போத்தலைக் கவிழ்த்தார். மிசூரி கட்டியாக விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கறிவேப்பிலை தனியாக, அவசரமில்லாமல் இறங்கி, வேசரில் மிதந்து போனது. அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

தலைவி என்னிடம் வந்தார். சிரிப்பு இல்லை. "அடுத்த முறை போத்தல் என்னிடம் இருக்கும்" என்றார். "நீங்கள் பேசினால் போதும்."

கூட்டத்தின் பின்னால் என் கணவர் தள்ளுவண்டியோடு நின்றார். பேச்சு அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. எல்லோரும் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. நான் கிட்டத்தட்ட ஓடியே போனேன்.

"என்னப்பா, அந்த மனுசி ஏசினவவோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"அடுத்த முறையாம்" என்றேன். "அடுத்த முறை எண்டு சொன்னவ!"