கத்தி தீட்டும்வரை

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் அரியலூர் பஸ் கரியில் ஓடுகிறது. கரி போடப் பெரம்பலூரில் நிற்கிறது. அரியலூரில் பெண் பார்க்கப் போகும் நான், தாடியோடு புளியமரத்தடி நாவிதர் முன் உட்காருகிறேன்.

வலது கன்னம் முடிந்ததும் அவர் சவரக்கத்தியைத் தீட்டுக்கல்லில் தேய்க்க ஆரம்பிக்கிறார்.

"பொண்ணு பாக்கப் போறேன். பஸ் கிளம்பிடும், சீக்கிரங்க!"

"கத்தி மழுங்கிப் போச்சுங்க. இதால இழுத்தா பொண்ணு வூட்ல ரத்தத்தோடதான் நிப்பீங்க."

கூர் பார்க்கத் தன் இடது கையை நீட்டுகிறார். அதில் ஒரு முடிகூட மிச்சமில்லை. "உங்க கையக் குடுங்க" என்று என் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் மழித்துப் பார்க்கிறார். "இன்னும் பத்தல." மறுபடியும் கல்.

ஹாரன் அலறுகிறது. டிரைவரே இறங்கி வருகிறார். திட்டப்போகிறார் என்று சோப்பு நுரையோடு எழுந்து நிற்கிறேன். அவரோ என் வலது கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார்.

"வழுவழுன்னு இருக்கே! சார் முடிச்சதும் எனக்கும் பண்ணிடு."

என் சவரம் முடிகிறது. டிரைவர் உட்காருகிறார். நாவிதர் கல்லில் தண்ணீர் தெளித்து, நிதானமாகத் தீட்டத் தொடங்குகிறார். பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக் கட்டுச்சோற்றைப் பிரிக்கிறார்கள். மாப்பிள்ளைக் களையோடு நான் மட்டும் அரியலூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.