மறுபடி டீச்சரின் அட்டை

எங்கள் வீட்டில் யாருக்கான விண்ணப்பமாக இருந்தாலும் தொலைபேசி எண் என்னுடையதாகத்தான் இருக்கும். மின்னஞ்சல் முகவரியும் அப்படியே. அப்பாவின் ஆஸ்பத்திரிக் கோப்பு, அம்மாவின் வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு, எல்லாவற்றுக்கும் என் கைப்பேசிதான் மணியடிக்கும்.

எனக்கு முன்னால் அது அக்காவின் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். அடுத்து நான், அவள் கட்டிய பணத்தில். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராகக் கிளம்பிய அன்று, தன் பேனாவை என் சட்டைப்பையில் செருகிவிட்டு, "இனிமே ஃபாரம் நிரப்புறது உன் பாடு, பெரிய மனுஷா" என்றாள்.

அங்கே பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'மறுபடி டீச்சர்' என்று அர்த்தமாம். விடை சரியாக வந்தாலும் "மறுபடி போட்டுப் பார்" என்பாளாம். ஒருமுறை வீடியோ அழைப்பில் வகுப்பறையைக் காட்டினாள். ஜன்னலோரம் ஒரு நீல அலமாரி, அதன்மேல் பிள்ளைகள் அட்டையில் செய்த கோபுரங்கள். இவள் பின்னால் நின்று நாலைந்து பேர் அந்தப் பெயரைக் கத்தினார்கள். என் அக்கா வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். நாலு வருஷமும் மூன்று மாதமும் ஆனபோது, மரக்கடையில் அளவு பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. நான் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவால் அவரைத் தூக்க முடியவில்லை. நான் அக்காவை அழைத்தேன். வா என்று சொல்லவில்லை. "நீ இருந்தா நல்லாருக்கும்க்கா" என்றேன். அதற்கும் வா என்றுதான் அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். பாதிப் பருவத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் நாள் வந்து இறங்கினாள்.

காலையில் அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதும், பல் துலக்கிவிடுவதும், வாயோரம் துடைப்பதும் அவள் கைக்குப் போயின. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அப்பாவின் கையை மடக்கி நீட்டிக்கொண்டே, "ஐயா என்னையே முறைக்கிறாரு. கை சரியானதும் முதல் அடி எனக்குத்தான்" என்பார். அக்கா மட்டும் சிரிப்பாள். அப்பாவுக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. தண்ணி. போதும். அப்புறம் ஒருநாள் அக்காவைப் பார்த்து, "எப்ப போற?"

"ஸ்கூல் தொறந்ததும்ப்பா" என்றாள். அன்றிலிருந்து தினமும் அவர் கேட்பார், அவளும் அதையே சொல்வாள். நோயாளியைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

சேமிப்பு கரைந்ததும் எனக்கு அந்த ஓய்வூதிய நிதி நினைவுக்கு வந்தது. அங்கே மாதாமாதம் அவள் சம்பளத்தில் அதற்கென்று பிடித்திருந்தார்கள். ஐந்து வருஷம் முடித்தால் வயதானபின் ஓய்வூதியம். முடிக்காமல் போகிறவர்கள் பிடித்த பணத்தை மட்டும் திரும்பக் கேட்கலாம், நிரந்தரமாக நாட்டை விட்டுப் போயிருந்தால். படிவத்தை நான்தான் நிரப்பினேன். பள்ளியில் கொடுத்திருந்த மின்னஞ்சல் அவள் விலகியதுமே மூடப்பட்டிருந்ததால், வழக்கம்போல என் முகவரியைப் போட்டேன். பள்ளியின் கையெழுத்தும் வேண்டியிருந்ததால் ஒரு பிரதி தலைமையாசிரியைக்குப் போனது.

மூன்றாவது வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது. இவர் தற்காலிகமாக வெளியேறியவர், வசிப்பு அட்டையை ஒப்படைக்கவில்லை என்று காரணம் எழுதியிருந்தது. குமாஸ்தா யாரோ தப்பாகப் பதிந்துவிட்டதாக நினைத்து, விதி எண்ணெல்லாம் போட்டு இரண்டு கடிதம் எழுதினேன். என் ஆங்கிலத்தில் எனக்கே பெருமை. மூன்றாவதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள்.

"அவங்க மேல தப்பில்லடா. ஏர்போர்ட்ல ஒரேயடியா போறீங்களா, திரும்பி வருவீங்களான்னு கேட்டாங்க. வருவேன்னு எழுதிட்டேன்."

"வேலைய விட்டுட்டுத்தானே வந்த?"

"வேலைய விட்டேன்." அட்டையின் விளிம்பை நகத்தால் வருடினாள். "ஆறு மாசம் இது செல்லும்."

அப்போது ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அட்டையைத் திருப்பி அனுப்பினால் பணம் வரும், ஆனால் அந்தக் கதவு மூடிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

நாலாம் தேதி, அலுவலகத்தில் சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தபோது என் மின்னஞ்சல் பெட்டியில் தலைமையாசிரியையின் கடிதம் இருந்தது. அக்காவின் இடத்துக்கு வந்தவர் போய்விட்டார், பிள்ளைகள் அவளைக் கேட்கிறார்கள், அட்டை செல்லுபடியானால் அடுத்த பருவம் தொடங்கும்போது வந்து சேரலாம், பழைய வருஷங்களும் கணக்கில் தொடரும். எட்டு வரிதான். படித்துவிட்டு, படிக்காதது போல மறுபடி குறியிட்டு வைத்தேன்.

அப்பாவுக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டுக்கு மூன்று மாதப் பாக்கி இருந்தது என்றும் எழுதலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் கடிதத்தைப் படித்ததும் என் மனசில் வந்தது வேறு. அவள் போய்விட்டால் காலையில் அப்பாவைத் தூக்குகிறவன் நான். அவர் வாயைத் துடைக்கிறவன் நான். அவள் ஐந்து மாதமாக முகம் சுளிக்காமல் செய்ததை ஒரு வாரம் செய்யவும் எனக்குத் தைரியமில்லை. படித்தவன் என்று எல்லோரும் சொல்கிற நான் அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே எட்டு நாள் போனது.

பன்னிரண்டாம் தேதி காலையில் அக்கா கூடத்தில் உட்கார்ந்து உறையில் முகவரி எழுதினாள். அட்டை பக்கத்தில் கிடந்தது. அதிலிருந்த படத்தில் கொஞ்சம் சதைபோட்டு இருந்தாள். பசை தடவும் முன், தலை நிமிராமல் கேட்டாள்.

"ஸ்கூல்லேருந்து ஏதாச்சும் வந்துச்சாடா?"

"இல்லக்கா."

ஒட்டினாள். விளிம்பை இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். அலுவலகம் போகும் வழியில் கூரியர் கடையில் நான்தான் கொடுத்தேன். கடைக்காரர் எடைபோட்டுவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே தம்பி" என்றார். அப்போதும் திரும்ப வாங்கியிருக்கலாம். ரசீதை வாங்கிக்கொண்டேன்.

ஏழு வாரத்தில் பணம் வந்தது. பாக்கியெல்லாம் தீர்ந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அங்கே அவளோடு வேலை பார்த்த அறிவியல் டீச்சர் அழைத்தாள். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். கீழே வந்தபோது நான் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் மெயில் போட்டாங்களாமே."

நான் தலையாட்டினேன்.

"எந்தத் தேதி?"

"நாலு."

"நான் கவர் ஒட்டினது பன்னெண்டு" என்றாள். கணக்கைச் சரிபார்க்கிற குரல். பிறகு சட்டைக் கையை உள்ளே மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அன்னிக்குக் கேட்டேன்ல?"

"கேட்ட."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். வந்த வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கலாம். "போகாதேன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்டா" என்றாள். "நீ சொல்லவே இல்லியே."

அவள் மடித்த சட்டையை வாங்கி அடுக்கின்மேல் வைத்தேன்.

இப்போது அவள் பக்கத்துத் தெருவில் ஒரு டியூஷன் சென்டருக்கு மாலையில் போகிறாள். அதற்கான விண்ணப்பத்தை மேசையில் பார்த்தேன். எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பியிருந்தாள். முன் அனுபவம் என்ற இடத்தில் நாலு வருஷம் மூன்று மாதம். தொலைபேசி என்ற இடத்தில் அவள் எண்.

இன்று காலை நான் அப்பாவைத் தூக்கப் போனேன். அக்கா தடுக்கவில்லை, ஆனால் அப்பா இடது கையால் என்னைத் தள்ளிவிட்டு அவளைத் தேடினார். அவள் வந்து தூக்கி உட்காரவைத்தாள். இப்போது அவர் பேச்சு நன்றாகத் தெளிந்துவிட்டது.

"எப்பம்மா போற?"

"ஸ்கூல் தொறந்ததும்ப்பா" என்றபடி அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.