பட்டன் இல்லாத லிஃப்ட்

மின்சாதனத் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் தொழில். எது எங்கே இருக்கக் கூடாது என்பதைப் பயன்படுத்துகிறவர்கள் சத்தமாகவே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பல வருடம் நாளிதழில் பக்கம் வடிவமைத்துவிட்டு, கே.கே. நகரில் லிஃப்ட் செய்யும் ஒரு சிறிய கம்பெனிக்கு வந்தேன். பத்திரிகையில் தப்பு செய்தால் வாசகர் வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதித்தான் திட்டுவார். இங்கே கதவு திறந்ததுமே திட்டு விழும். ஏடிஎம் முன்னால், பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்ட, எதைத் தொடுவது என்று விழித்திருப்பீர்கள் அல்லவா? உங்களை விழிக்கவைத்த இனத்தைச் சேர்ந்தவன் நான். ஆனால் நானும் உங்களைப்போல் விழித்தவன்தான்.

எங்கள் முதலாளிக்கு, லிஃப்ட்டில் பட்டன்களை எடுத்துவிட்டு விரலால் தொடும் கண்ணாடித் திரை வைக்க ஆசை. தி. நகர், அடையாறு, மயிலாப்பூர் மூன்று இடத்திலும் தலா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சோதனைக்கு வைத்தோம். மூன்று குடியிருப்புச் சங்கங்களும் ஏற்றுக்கொண்டால் எங்கள் பிரிவு நிலைக்கும். ஒரு சங்கம் வேண்டாம் என்றாலும் பழைய பட்டன் திரும்பிவிடும். நானும் மென்பொருள் எழுதும் கலீலும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

முழங்கை

தி. நகர் குடியிருப்பில் பாதிப் பேர் ஜவுளிக்கடைக் குடும்பங்கள். புடவைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் இரண்டு கையிலும் பைகளோடு ஏறினார். இத்தனை நாள் செய்ததுபோல முழங்கையால் இடித்தார். பட்டனாக இருந்தால் ஒன்று அமுங்கியிருக்கும். நான் ஆசை ஆசையாக வரைந்த மெல்லிய எண்கள் நெருக்கமாக இருந்ததால், முழங்கை பட்ட எண்களெல்லாம் ஒளிர்ந்தன. லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று, கதவைத் திறந்து, ஒவ்வொரு வீட்டு வாசலையும் அவருக்குக் காட்டியது.

எண்களைப் பெரிதாக்கி, இடைவெளி விட்ட பிறகுதான் தி. நகர் சம்மதித்தது. அதற்கு முன் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டது இது: "தம்பி, கை ரெண்டுலயும் பை இருக்கு. மூக்க வச்சா அமுக்கச் சொல்லுதீய?"

ஆளுக்கு ஒரு தடவை

தவறான மாடியைத் தொட்டுவிட்டால், மறுபடி தொட்டு ரத்து செய்யலாம் என்று ஒரு வசதி வைத்திருந்தோம். அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நம் ஊரில் லிஃப்ட்டில் ஏறுகிறவர், ஏற்கெனவே எண் ஒளிர்ந்துகொண்டிருந்தாலும் தன் பங்குக்கு ஒரு தடவை அமுக்குவார் என்பது கைதட்டிய யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்கும்தான். நானே அப்படி அமுக்குகிறவன்.

அடையாறில் ஒரே மாடிக்குப் போகும் நாலு பேர் ஏறினார்கள். முதலாமவர் தொட்டார், ஒளிர்ந்தது. இரண்டாமவர் தொட்டார், அணைந்தது. மூன்றாமவர் ஏற்றினார், நாலாமவர் அணைத்தார். கதவு மூடிக்கொண்டது. நாலு பேரும் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். லிஃப்ட்டும் காத்திருந்தது.

ரத்து வசதியை ரத்து செய்தோம், அடையாறும் சம்மதித்தது. அந்த நாலு பேரில் ஒருவர் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். தோளில் கேனோடு வெளியே வந்து கலீலிடம் கேட்டார்: "இன்னா நைனா, நாலு பேர் கேனோட கீறோம், அப்டியே நின்னுகினு கீது. வெயிட்டு பத்தலியா?"

காட்டாமல் இருந்தால் நல்லது

திரையில் காலி இடத்தைப் பார்த்தால் முதலாளிக்குத் தாங்காது. "அங்க ராகு காலம் போடுங்க சார், நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார். போட்டோம்.

மயிலாப்பூர் குடியிருப்பில் சங்கச் செயலாளர் ஒரு மாமி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அங்கே சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். பல் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பி லிஃப்ட்டில் ஏறியவர், திரையைப் பார்த்துவிட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போன் செய்தார்: "தெரியாம போனா பாதகமில்லை. இப்படி மூஞ்சிக்கு நேரா எழுதிக் காட்டினா, தெரிஞ்சுண்டு எப்படிப் போறது?"

மூன்றாம் மாடி

ராகு காலத்தை எடுத்தோம். மாமியும் சமாதானமானார். ஆயுத பூஜை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பூஜை அன்று காலை அவரிடமிருந்து போன். லிஃப்ட் யாரும் தொடாமலே மூன்றாம் மாடிக்குப் போகிறது, கதவைத் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. சங்கத்தில் ஏற்கெனவே, "பட்டனையே திருப்பி வைக்கச் சொல்லுங்கோ" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

கலீலின் பைக்கில் ஓடினோம். படியேறி மூன்றாம் மாடியில் லிஃப்ட்டைப் பிடித்தோம். வாசலில் மாவிலை, உள்ளே சாமந்திப்பூ. கண்ணாடித் திரையில், மூன்றாம் எண்ணின் மேலேயே, ஈரச் சந்தனம் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம். பட்டன் பலகையாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் கண்ணாடி ஈரச் சந்தனத்தை விரல் என்று நம்பிவிட்டது. யாரோ விடாமல் மூன்றைத் தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து அங்கேயே நின்றது.

"துடைச்சிடலாமா மாமி?" என்றேன்.

"பூஜை பண்ணி வச்சதை இன்னிக்குக் கலைக்கப் படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும்."

அதுவரை லிஃப்ட் ஓடாவிட்டால் எங்கள் கதை முடிந்தது. கலீல் திரையருகே குனிந்தான். "சார், சந்தனத்த நகர்த்த முடியாது. மூணாம் நம்பர நகர்த்தலாமே?"

அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். மடிக்கணினியில் நான் எண்களையெல்லாம் கீழே இறக்கி வரைந்தேன். மேல்பகுதியில் எது பட்டாலும் கண்டுகொள்ளாதே என்று அவன் திரைக்கு உத்தரவு எழுதினான். எண்கள் சரிந்து இறங்கி, பொட்டுக்குக் கீழே வரிசையாக நின்றன. மாமி ஒன்றைத் தொட்டார். லிஃப்ட் முதல் மாடிக்குப் போய் நின்றது. கலீல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் காலை மாமி கையெழுத்துப் போட்டார். பட்டனே தேவலை என்று நின்ற சங்கத்துக்காரர்களிடம் அவர் சொன்னதை எங்கள் முதலாளி இன்றும் எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்கிறார்: "பட்டனா இருந்தா ஸ்வாமி சந்தனத்துக்கு வழிவிட்டு இப்படி நகர்ந்துண்டிருக்குமா, சொல்லுங்கோ!"

அன்றிலிருந்து எங்கள் திரைகளில் மேலே கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கிறது; இத்தனை வருடத்தில் நான் வரைந்தவற்றில் யாரும் குறை சொல்லாத பகுதி, நான் ஒன்றுமே வரையாமல் விட்ட அதுதான்.